செம்பாட்டு மண்ணும் கிறீம் நிறக் கார்ப்பெற்றும்

கேள்வி: உரும்பிராயில் அம்மாவின் பழைய வீட்டில் இருக்கிறோம். ஹோலும் அம்மாவின் அறையும் சாமியறையும் பழைய பகுதி, சிவப்புச் சீமெந்து நிலம். எங்கள் படுக்கையறை, பிள்ளைகளின் அறை, சாப்பாட்டறை எல்லாம் பின்னால் புதிதாகக் கட்டியவை, வெள்ளை ரைல்ஸ் பதித்தது. கனடாவில் இருக்கும் அண்ணா நல்லூர்த் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வருகிறார். எல்லா அறைக்கும் சுவரில் இருந்து சுவர் வரை கார்ப்பெற் போடு, காசு நான் தருகிறேன் என்கிறார். இந்திய வீடுகளின் படங்களைப் பார்த்து ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன்: ஹோலுக்குக் கிறீம், படுக்கையறைக்கு வெளிர் நீலம், பிள்ளைகளுக்கு மஞ்சள், சாப்பாட்டறைக்குச் சிவப்பு, சாமியறைக்கு மெரூன், அம்மாவின் அறைக்குக் கடும் பச்சை. அம்மாவுக்கு 78 வயது. தொய்வு இருக்கிறது, பொல்லு ஊன்றித்தான் நடப்பார். மகன்மாரில் மூத்தவனுக்கு 15, இளையவனுக்கு 7. இந்தப் பட்டியல் சரியாக வருமா?
ஓர் ஆசிரியை, உரும்பிராய்

அன்பின் ரீச்சர்,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய சொல் ‘உரும்பிராய்’. அந்த ஒரு சொல்லை வைத்தே ஹோலுக்கு நீங்கள் எழுதிய கிறீம் நிறத்தை வெட்டிவிடலாம்.

உரும்பிராய், கோப்பாய், ஊரெழு, சுன்னாகம் பக்கமெல்லாம் செம்பாட்டு மண். அந்த மண்ணைச் சிவக்க வைப்பது அதிலுள்ள இரும்பு. காய்ந்தால் மாவைப்போல நுண்ணியதாகி, சோளகக் காற்றோடு யன்னல் வழியாக வந்து எல்லாவற்றிலும் படியும். வெள்ளை உடுப்பில் பட்டால் என்ன ஆகும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சீருடை தோய்க்கிற உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சீருடையை ஒவ்வொரு நாளும் தோய்க்கலாம். ஒன்பது அடி நீளமான விரிப்பை அப்படித் தோய்க்க முடியாது. கிறீம் நிறம் முதல் மாதம் வடிவாக இருக்கும். பிறகு வாசலில் இருந்து செற்றி வரைக்கும் ஆட்கள் நடந்த பாதை மட்டும் மங்கிச் செம்மஞ்சளாகத் தெரியத் தொடங்கும். தூசை உறிஞ்சி எடுத்தாலும் அந்தச் சாயல் நூலை விட்டுப் போகாது.

இதற்கு நேர்மாறான தவறை நானே ஒருமுறை செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் வடமராட்சியில் கடற்கரையோரமாக ஒரு வீடு. ஊத்தை தெரியாது என்று நம்பி ஹோலுக்குக் கடும் நீலத்தில், கோலம் எதுவும் இல்லாத விரிப்பைத் தெரிந்து கொடுத்தேன். அங்கே மணல் வெள்ளை. இரண்டாம் நாள் போய்ப் பார்த்தால் அரிசி மாவைத் தூவி விட்டதுபோல் இருந்தது. அந்த வீட்டு அம்மா காலையும் மாலையும் தும்புத்தடியோடு நின்றார். கடைசியில் அதை எடுத்துவிட்டு, மணல் நிறமும் சாம்பலும் கலந்த ஒன்றைப் போட்டோம். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் உள்ளே நுழைவதற்கு முன் முற்றத்து மண்ணைப் பார்க்கிறேன். விரிப்பின் நிறத்தைப் பாதிக்குமேல் அந்த மண்தான் முடிவு செய்கிறது. மீதியை நிலத்தின் நிறமும் வெளிச்சமும் முடிவு செய்கின்றன. சுவரின் பூச்சு கடைசியாகத்தான் வரும். ஆனால் பலரும் சுவரிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

நீங்கள் பார்த்த படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்திய வீடு என்று ஒன்றாகச் சொல்கிறோமே தவிர, தில்லியில் தை மாத இரவுகள் 10 பாகைக்குக் கீழே போகும். காஷ்மீரில் பனியே கொட்டும். அங்கே கம்பளி விரிப்பு குளிருக்கு ஒரு போர்வை. யாழ்ப்பாணத்தில் தை மாதத்தில் கூட இரவு 20 பாகைக்குக் கீழே போவது அரிது. எங்கள் வெயிலுக்குப் பக்கத்தில் நிற்பது தமிழ்நாடு. அங்கே ஈரோட்டுப் பக்கம் பவானியில் நெய்கிற ஜமுக்காளத்தைப் பாருங்கள். பருத்தி, மயிர்போல நூல் மேலே நிமிர்ந்து நிற்காத தட்டை நெசவு, அகலமான நிறக்கோடுகள். சுருட்டலாம், உதறலாம், தோய்க்கலாம். அது எங்கள் காலநிலையை அறிந்த விரிப்பு. அண்ணா வீட்டுக் கார்ப்பெற்றும் குளிர் நாட்டுக்கு ஏற்றதுதான். அதை இங்கே நிலத்தோடு ஒட்டிவிட்டால் ஐப்பசி தொடங்கி மார்கழி வரைக்கும் ஈரம் அடியில் தங்கும், பூஞ்சணம் பிடிக்கும், மணக்கும். பழைய சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு அடியில் ஈரத்தைத் தடுக்கும் படை எதுவும் இருக்காது. அது நிலத்திலிருந்து ஈரத்தை மேலே விட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே சுவருக்குச் சுவர் கார்ப்பெற் வேண்டவே வேண்டாம். தூக்கி வெயிலில் போடக்கூடிய விரிப்புகள்தான் உங்கள் வீட்டுக்குச் சரி. அண்ணாவிடம் இதை என் பெயரில் சொல்லுங்கள்.

இனி ஹோல். இதற்குத்தான் நிறைய யோசிக்க வேண்டும்.

சிவப்புச் சீமெந்து நிலம் உங்களிடம் இருக்கிற பெரிய சொத்து. வருடக்கணக்காகத் துடைத்துத் துடைத்து வந்த அந்த மினுக்கத்தை இன்று காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அதை மூடாமல், நடுவில் மட்டும் விரியுங்கள். செற்றியின் முன்கால்கள் விரிப்பின்மேல் ஏறி நிற்கும் அளவு போதும். நடுத்தரமான ஹோலுக்கு 6 அடிக்கு 9 அடி சரியாக வரும். 4 அடிக்கு 6 அடி வாங்கினால் தேநீர் மேசைக்கு அடியில் முத்திரை ஒட்டியதுபோல் கிடக்கும்.

நிறத்துக்கு மூன்று நிபந்தனைகள் வைக்கிறேன். செம்பாட்டுப் புழுதி அதில் மறைய வேண்டும். சிவப்பு நிலத்தோடு அது சண்டை பிடிக்கக் கூடாது. அம்மாவின் கண்ணுக்கு அதன் ஓரம் தெளிவாகத் தெரிய வேண்டும். மூன்றாவதை நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். வயது போகப்போக, நெருங்கிய நிறங்களைப் பிரித்துப் பார்க்கிற திறன் குறையும். சிவப்பு நிலத்தில் மெரூன் விரிப்பைப் போட்டால் நிலம் எங்கே முடிகிறது, விரிப்பு எங்கே தொடங்குகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. பொல்லின் நுனி அந்த ஓரத்தில்தான் தட்டும். அதேபோல வெளிறிய நிலத்தில் கறுப்போ கடும் நீலமோ பெரிய துண்டாகக் கிடந்தால், சில முதியவர்களுக்கு அது பள்ளம்போலத் தோன்றும், கால் வைக்கத் தயங்குவார்கள்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வருகிற விடை இது: நடுப்பகுதியில் செங்கல் மண்ணிறமும் மங்கிய நீலமும் பழுப்பும் நெருக்கமாகக் கலந்த பூவேலை, சுற்றிவர நான்கைந்து அங்குலத்துக்குச் சந்தன நிறக் கரை. பூவேலைக்குள் புழுதி காணாமல் போகும். சந்தனக் கரை சிவப்பு நிலத்திலிருந்து விரிப்பைப் பிரித்துக் காட்டும். கிறீமைப்போல அவ்வளவு விரைவாக ஊத்தையும் காட்டாது. உத்தரப் பிரதேசத்தில் பதோஹி என்ற இடம் கைநெசவுக் கம்பளங்களுக்குப் பெயர் போனது. 2010இல் அந்தக் கம்பளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கேயும் காஷ்மீரிலும் நெய்கிற பழைய பாணி விரிப்புகளைப் பார்த்தால், அந்த நெருக்கமான பூக்களும் கொடிகளும் வெறும் அலங்காரம் இல்லை என்று புரியும். கண் எந்த இடத்திலும் நின்று ஒரு கறையைத் தேட முடியாது. பல தலைமுறைக்குப் பிறகும் அந்தப் பாணி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

பச்சை எடுக்க ஆசை என்றால் சிவப்பு நிலத்தில் கிளிப்பச்சை வேண்டாம். இரண்டும் எதிரெதிர் நிறங்கள், பக்கத்தில் வைத்தால் கண் கூசும். காய்ந்த வேப்பிலையின் மங்கிய பச்சை என்றால் அமைதியாக இருக்கும்.

நூலைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். உண்மையான கம்பளி நிறத்தை நன்றாகப் பிடித்து வைத்திருக்கும், ஆனால் ஈரத்தில் பாரமாகும், அந்துப்பூச்சியும் வரும். பொலிபுறொப்பிலீன் என்கிற செயற்கை நூலுக்கு நூலாக வார்க்கும்போதே நிறம் சேர்ப்பதால் எளிதில் வெளிறாது, தண்ணீரும் குடிக்காது. பாரமான கதிரைக் கால் நின்ற இடத்தில் நசுங்கும், அதுதான் குறை. பிள்ளைகள் ஓடுகிற செம்பாட்டு வீட்டுக்கு நான் இதைத்தான் தெரிவேன். கடையில் பட்டுப்போல மின்னுகிற விஸ்கோஸ் விரிப்பைக் காட்டினால் கை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். தண்ணீர் பட்டால் மஞ்சளாகும், விறைக்கும். பிறகு எந்த வைத்தியமும் இல்லை.

அம்மாவின் அறை. கடும் பச்சையோ வேறு நிறமோ, மயிர் வைத்த விரிப்பு எதுவும் அங்கே வேண்டாம். தொய்வு உள்ளவருக்குத் தூசிப்பூச்சி எதிரி. விரிப்பின் மயிருக்குள் அது சுகமாக வாழும். கட்டிலில் இருந்து குளியலறை வரைக்கும் வெறும் நிலமாக இருக்கட்டும். இரவில் எழும்புகிறவருக்கு அதுவே பாதுகாப்பு. காலையில் நிலம் குளிர்கிறது என்றால் கட்டிலுக்கு அருகே தட்டையான பருத்தி விரிப்பு ஒன்று, அடியில் வழுக்காத வலைத்துண்டோடு போடுங்கள். தொங்குகிற குஞ்சம் இருந்தால் வெட்டித் தைத்துவிடுங்கள், பொல்லு சிக்கும். 60 பாகைச் சுடுநீரில் கிழமைக்கு ஒருமுறை தோய்த்தால் தூசிப்பூச்சி சாகும். அதனால் சுடுநீருக்குச் சாயம் போகாததாக வாங்குங்கள். வெளிர் சாம்பலோ பால் நிறமோ எடுக்கலாம். சிவப்பு நிலத்தில் நன்றாகத் தெரியும். மண் படியுமே என்று யோசிப்பீர்கள், இது தோய்க்கிற விரிப்பு, படிந்தால் தோயுங்கள்.

சாமியறைக்கு மெரூன் என்று எழுதியிருக்கிறீர்கள். குங்குமம் தெரியாது என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் விபூதி தெரியும், நல்லெண்ணெய் சொட்டினால் தெரியும், கற்பூரப் பொறி விழுந்தால் செயற்கை நூல் உருகி ஓட்டை விழும். அங்கே பனையோலைத் தடுக்கை மிஞ்ச எதுவும் இல்லை. கரையில் ஊதாவும் பச்சையும் சாயம் போட்ட ஓலை பின்னிய தடுக்கு ஒன்று சிவப்பு நிலத்தில் கிடந்தால் எவ்வளவு வடிவு! கனடாவில் இருந்து வருகிற பிள்ளைகளுக்கும் அதைக் காட்டலாம்.

பின்பக்கத்து வெள்ளை ரைல்ஸ் வேறு கதை. அதற்கு முன் வெளிச்சத்தைப் பேச வேண்டும்.

இங்கே பல வீடுகளில் எரிவது 6500 கெல்வின் பல்ப். பெட்டியிலேயே அந்த எண் இருக்கும். அது நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம். அதன் கீழ் நீலமும் சாம்பலும் எடுப்பாகத் தெரியும், சிவப்பும் மண்ணிறமும் செத்துப்போகும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் இது தலைகீழ். கடையில் பளிச்சென்ற வெளிச்சத்தில் பார்த்த வெளிர் நீலம் உங்கள் வெள்ளை ரைல்ஸ் அறையில், வெள்ளை பல்ப்பின் கீழ், ஆஸ்பத்திரி வாட்டைப்போல் குளிர்ந்து கிடக்கும். படுக்கையறையில் நீலம் வேண்டும் என்று மனம் வைத்திருந்தால் முதலில் பல்ப்பை 3000 ஆக்குங்கள். பிறகு சாம்பல் கலந்த நீலமாக, மண்ணிறக் கோடு ஒன்று ஓடுவதாக எடுங்கள். என் விருப்பம் தேங்காய்த்தும்பின் நிறம். வெள்ளை ரைல்ஸின் கூச்சத்தை அது குறைக்கும், மண்ணையும் மறைக்கும். கட்டிலைச் சுற்றி முழுவதும் வேண்டாம். இரண்டு பக்கமும் 2 அடிக்கு 5 அடி வைத்தால் காலையில் கால் வைக்கிற இடம் மெத்தென்று இருக்கும், கூட்டுவதும் இலகு.

மேற்குப் பக்க யன்னல் உள்ள அறை என்றால் பின்னேர வெயில் விரிப்பின் ஒரு பாதியை வெளிற வைக்கும். மார்கழியில் வெயில் தெற்கே சாய்ந்து வருவதால் தெற்கு யன்னலுக்குள்ளும் புகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். வெளிறினாலும் இரண்டு பக்கமும் ஒரேயளவாக வெளிறும்.

பிள்ளைகளின் அறைக்கு மஞ்சள் வேண்டாம். ஏழு வயதுக்காரன் கிரிக்கெட் மட்டையோடு முற்றத்தில் இருந்து நேராக வருவான், பதினைந்து வயதுக்காரன் பேனையைத் திறந்தபடி நிலத்தில் கிடந்து படிப்பான். கடும் நீலம், மண்ணிறம், சாம்பல் மூன்றும் புள்ளியாகக் கலந்த, மயிர் குட்டையான விரிப்பு எடுங்கள். அல்லது பல நிறக் கோடு போட்ட ஜமுக்காளம். நீங்கள் மூன்றைத் தெரிந்து வைத்து, அதில் ஒன்றை அவர்கள் எடுக்கட்டும். கார்ப் படமும் எழுத்துக்களும் போட்ட விரிப்பைச் சின்னவன் கேட்பான். பெரியவனுக்கு அது பிடிக்காது, சின்னவனுக்கும் இரண்டு வருடத்தில் அலுத்துவிடும்.

சாப்பாட்டறையில் விரிப்பே போடாதீர்கள். புட்டு உதிரும், குழம்பு சொட்டும், கதிரையைப் பின்னால் இழுக்கும்போது ஓரம் மடியும். மேசையைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் 2 அடி கூடுதலாக இருந்தால்தான் கதிரை விரிப்பை விட்டு இறங்காது, அவ்வளவு பெரிய விரிப்பைக் கறியிலிருந்து காப்பாற்ற முடியாது. வேறு அறையில் எப்போதாவது கறியிலுள்ள மஞ்சள்தூளின் கறை பட்டால் உடனே சவர்க்காரம் போட்டுத் தேய்க்காதீர்கள். சவர்க்காரத்தில் உள்ள காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், பயந்து இன்னும் தேய்ப்பீர்கள். தண்ணீர் தொட்டு ஒற்றி எடுத்துவிட்டு அந்த இடத்தை வெயிலில் காட்டுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது, சில நாட்களில் மங்கிப்போகும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரையும் நினைவில் வையுங்கள். சுண்ணாம்புக் கல்லுக்குள் இருந்து வருகிற கடினத் தண்ணீர். கடும் நிற விரிப்பைத் தோய்த்துக் காய விட்டால் வெள்ளைப் படிவு தெரியும். கடும் நிறம் என்றால் கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். நடுத்தர நிறங்களில் இந்தத் தொல்லை குறைவு.

வாங்கப் போவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். முற்றத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக் காய வைத்துச் சின்னப் பையில் கட்டி வையுங்கள். கடையில் மாதிரித் துண்டு கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மண்ணைக் கொஞ்சம் தேய்த்து, ஒரு நாள் விட்டு, தட்டிப் பாருங்கள். காலையில், மத்தியானத்தில், இரவில் பல்ப் வெளிச்சத்தில் என்று மூன்று தரம், நிலத்தில் வைத்தே பாருங்கள். மேசையில் வைத்தாலோ கையில் பிடித்தாலோ நிறம் வேறாகத் தெரியும். மயிர் வைத்த விரிப்பு என்றால் ஒரு பக்கம் நின்று பார்க்க வெளிறியும் மறுபக்கம் நின்று பார்க்கக் கடுத்தும் தெரியும். ஹோல் வாசலில் நிற்கிறவருக்கு எந்தப் பக்கம் தெரியப்போகிறதோ அந்தப் பக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். அடியில் றப்பர் பூசியதையும் தவிருங்கள். எங்கள் வெக்கைக்கு அந்த றப்பர் பொடிந்து சீமெந்தில் ஒட்டிக்கொள்ளும், அம்மாவின் நிலம் பாழாகும்.

இதற்கெல்லாம் முன்னால் விறாந்தைப் படியில் தும்புக் கால்மிதி ஒன்று, ஹோல் வாசலுக்கு உள்ளே பருத்திக் கால்மிதி ஒன்று. தும்பு மண்ணை எடுக்கும், பருத்தி ஈரத்தை எடுக்கும். திருவிழா நாட்களில் நல்லூர் வீதி மணலில் வெறுங்காலோடு நடந்துவிட்டு வந்து, கிணற்றடியில் கால் கழுவிய ஈரத்தோடு எல்லாரும் நேரே உள்ளே வருவார்கள். விரிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த ஈரக்கால்தான். ஈரமும் புழுதியும் சேர்ந்தால் சேறு.

அண்ணாவின் காசில் ஹோலுக்கு ஒரு நல்ல விரிப்பு, படுக்கையறைக்குச் சிறியவை இரண்டு, பிள்ளைகளுக்கு ஒன்று, அம்மாவுக்குத் தோய்க்கிற பருத்தி விரிப்பு மாற்றிப் போட இரண்டு. இவ்வளவுதான் வேண்டும். வழுக்காமல் அடியில் போடுகிற நல்ல வலைத்துண்டை அங்கிருந்து கொண்டுவரச் சொல்லலாம், பாரமே இல்லை. ஐப்பசி மழை தொடங்கும் முன் ஹோல் விரிப்பை ஒரு நாள் நிழலில் காயவிட்டு, மடிக்காமல் சுருட்டி, காய்ந்த வேப்பிலை வைத்து, கறையான் ஏறாத உயரத்தில் வையுங்கள். தைப்பொங்கலுக்கு வீடு கழுவிய பிறகு மறுபடி விரிக்கலாம்.

செற்றித் துணியின் நிறத்தை நீங்கள் எழுதவில்லை. அது பூப்போட்ட துணி என்றால் ஹோலுக்கு நான் சொன்ன பூவேலை விரிப்பு அதிகப்படியாகிவிடும். அப்போது அதே நிறங்களில் கோடு போட்டதாகப் பாருங்கள். சந்தனக் கரையை மட்டும் விட்டுவிடாதீர்கள், அது அம்மாவுக்காக.